துரைசானி அனுப்பிய வெள்ளிக் கப்பல்

அன்று வாசலில் இருந்தவர்கள் இவர்கள்.

என் தங்கை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பில் அவளுடைய பெண் குழந்தை. அவள் மாமியார், மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் கொழுந்தன். எங்கள் ஊர்த் தலைவர் நாட்டார், தோளில் துண்டோடு. பட்டணத்திலிருந்து வந்த குமாஸ்தா. அவர் செருப்பில் மணல் புகுந்துவிட்டது, காலை உதறிக்கொண்டே இருந்தார். பிறகு நான்.

என் தங்கை புருஷன் இல்லை. அவன் கடலோடு போய்ப் பதினாறாம் நாள் அது.

குமாஸ்தா ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சை வெல்வெட்டுத் துணி. துணியை விலக்கினால் வெள்ளியில் ஒரு கப்பல்.

ஒரு முழ நீளம் இருக்கும். பாய்மரம், பாய், நங்கூரம், கயிறு எல்லாம் வெள்ளி. கயிறு நூல் கனம்தான், அதிலும் முறுக்குத் தெரியும். பின்பக்கம் எழுத்து வெட்டியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. ஆனால் நான் வேலை பார்த்த பெரிய கப்பலின் பின்பக்கமும் அதே எழுத்துதான், பார்த்த அடையாளம் இருந்தது. நடுவில், தளம் இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக இரண்டு குழி. அடியில் நாலு சக்கரம்.

கப்பலுக்குச் சக்கரம் எதற்கு என்று அங்கே பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் பிரெஞ்சுக்காரத் துரைக்குப் பட்டணத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். மூட்டை மூட்டையாகத் தன் தேசத்துக்கு ஏற்றி அனுப்புவார். அந்த வசதியில் தனக்கென்று ஒரு பாய்க்கப்பல் வைத்திருந்தார். மீன் பிடிக்க இல்லை, சரக்கு ஏற்ற இல்லை. சும்மா போய் வர. அரியாங்குப்பத்து ஆறு கடலில் விழுகிற இடத்தில் அது நிற்கும். எங்கள் ஊரான நல்லவாட்டிலிருந்து எங்களை வேலைக்கு எடுத்திருந்தார்கள். தங்கை புருஷன், என் மாப்பிள்ளை, சுக்கான் பிடித்தான். நான் பாய்க் கயிறு பார்த்தேன்.

பெரிய கப்பலைக் கட்டியபோதே, அதே அச்சில் சின்னதாக ஒன்று வெள்ளியில் செய்யச் சொன்னாராம் துரை. சாப்பாட்டு மேசைக்கு. அந்தக் குழிகளில் இரண்டு சாராயப் புட்டி நிற்கும். துரை ஒரு தள்ளுத் தள்ளுவார். எதிரே இருக்கிற விருந்தாளியிடம் அது உருண்டு போகும். அவர் ஊற்றிக்கொண்டு திருப்பித் தள்ளுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். பெரிய மனுஷர்கள்தான், குழந்தை மாதிரி சிரிப்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் வந்து சொல்லுவான். "கடல்ல நான் ஓட்றேன், மேசையில துரை ஓட்றாரு. ரெண்டுல அவரு கப்பல்தான் பத்திரமா போய் சேருது." தங்கை அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டே சிரிப்பாள்.

அவன் போன விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி பிறந்திருந்தது. வடகிழக்கே வானம் கறுத்து நின்றது. ஊரில் ஒரு கட்டுமரமும் இறங்கவில்லை. துரை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை துரையிடம் வானத்தைக் கையால் காட்டி, "வேணாம் முசே" என்றான். துரை அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். போனோம்.

காற்று திடீரென்று திரும்பியது. பாயின் கீழ்க்கட்டை வீசிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் தலையில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீரில் விழுந்தான். ஒரு தரம் முதுகு தெரிந்தது. பிறகு இல்லை. நான் குதித்தேன். இருட்டும் வரை தேடினோம். துரையும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கித் தேடினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கரைக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"பொணத்தப் பாத்தியாண்ணா?"

"இல்லமா."

"அப்ப பேசாத இரு."

அவள் அப்படிக் கேட்டதில் தப்பு இல்லை. எங்கள் தெருவிலேயே ஒருவன் கட்டுமரத்தோடு காற்றில் அடித்துக்கொண்டு போய் யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒதுங்கினான். செத்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவனுக்குக் காரியம் நடந்த அன்று அவன் ரயிலில் வந்து இறங்கினான். தன் காரியத்துச் சோற்றைத் தானே இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். என் தங்கை அதைச் சிரிப்பாக வைத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவே வேண்டிக்கொண்டாள். வில்லியனூர் மாதாவே, அவரை உயிரோடு கொண்டுவந்து விடு, வெள்ளியில் கப்பல் செய்து வைக்கிறேன் என்று. நாங்கள் கிறிஸ்துவ வேதக்காரர்கள் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அம்மனுக்கும் வேண்டுவோம், மாதாவுக்கும் வேண்டுவோம். கண் சரியானால் வெள்ளியில் கண், கால் சரியானால் கால், கடலில் போனவன் திரும்பினால் கப்பல். விரல் நீளத்துக்குத் தகட்டில் வெட்டி வைப்பார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அப்படி நிறையக் கிடக்கும்.

விரல் நீளத்துக்குக்கூட அவளிடம் வெள்ளி இல்லை. காலில் இருந்த மெட்டிதான்.

இந்த நிலையில்தான் குமாஸ்தா பெட்டியோடு வந்தார்.

"துரைசானி குடுத்து அனுப்பினாங்க" என்றார். "இத மேசையில பாக்க அவங்களால முடியலயாம். எந்நேரமும் அழுவுறாங்க. துரை குடும்பம் அடுத்த கப்பல்ல ஊருக்குப் போவுது. இத உருக்கி வித்தீங்கன்னா நல்ல வெல வரும். ஆனா இதோட முடிஞ்சிது. கேசு கீசுன்னு யாரும் பட்டணத்துப் பக்கம் வரக் கூடாது."

"ஒரு உசுருக்கு இதுவாய்யா?" என்றார் நாட்டார்.

"வேணாம்னா சொல்லுங்க. எடுத்துக்கினு போறேன்."

"வச்சிட்டுப் போ" என்றார் மாமியார்.

குமாஸ்தா போன பிறகு மாமியார் கையை நீட்டி ஒரு சக்கரத்தைச் சுற்றினார். அது சத்தமில்லாமல் சுற்றியது. "இன்னாடா அதிசயம். கப்பலுக்கு சக்கரம் இன்னாத்துக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் தங்கை சொன்னாள். "தண்ணியில போனது தரையில வரும். அதுக்குத்தான்."

யாருக்கும் புரியவில்லை. அவள் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுக் கப்பலைக் கையில் எடுத்தாள்.

"நான் வேண்டிக்கினது கப்பலு. குடுக்க எங்கிட்ட வெள்ளி இல்ல. மாதாவே குடுத்துட்டா. அப்ப அவரயும் குடுக்கப் போறான்னுதான அர்த்தம்?"

"அடி பாவி" என்றார் மாமியார். "அவன் போனதுக்குத்தானேடி இது வந்துது!"

"நீங்க ஒரு மாதிரி பாக்கறீங்க அத்தை. நான் ஒரு மாதிரி பாக்கறேன்."

நான் மெதுவாகச் சொன்னேன், இது சாராயம் சுமக்கிற கப்பல், சாமிக்கு ஆகாது என்று.

"எனக்குத் தெரியாதாண்ணா? அவரு சொல்லிக்கீறாரு. அது சாராயம் சொமந்துது, நான் மீனு சொமக்கறேன். ரெண்டு பேருமே நாத்தம்தான். மாதா எடுத்துக்குவா."

நாட்டார் தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் இல்லை, ஊர் முறை தெரிந்தவர். "இந்தா பாருமா. இத வாங்கிக்கினா அவன் போயிட்டான்னு ஒத்துக்கினதா ஆவும். ஒத்துக்கினா காரியம் பண்ணணும். உடம்பு கெடைக்கலன்னா வைக்கோல்ல உருவம் செஞ்சி, அவன் சட்டையப் போட்டு, கரையில வச்சிப் பண்றதுதான் வழக்கம்."

"வைக்கோல்ல செய்யறது என் புருசன் ஆவாது" என்றாள்.

மாமியாருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு மிச்சம் இருந்தது இளைய மகன் ஒருவன். அவனுக்குச் சொந்தக் கட்டுமரம் இல்லை, ஊரான் கட்டுமரத்தில் கூலிக்குப் போகிறவன். பாகூர் பத்தரிடம் கொடுத்து உருக்கினால் ஒரு கட்டுமரம், ஒரு வலை வரும். அவன் தலை எடுப்பான், அண்ணன் பெண்டாட்டிக்கும் குழந்தைக்கும் அவனே சோறு போடுவான். பெற்ற மகனைக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் கேட்டது இவ்வளவுதான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளுக்கு அண்ணன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை.

"அவளுக்கு வந்த பொருளு" என்றேன். "அவ இஷ்டம். அவளுக்கும் கொழந்தைக்கும் சோறு நான் போடறேன்."

"நீ போடுவ. எம் புள்ள எத்தினி காலத்துக்கு ஊரான் மரத்துல தண்ணி எறைப்பான்?" என்று மாமியார் கேட்டார்.

 

மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டோம். மீன் கூடையில் வெல்வெட்டுத் துணியோடு கப்பலை வைத்து, மேலே வாழை இலை போட்டு, தலையில் வைத்துக்கொண்டாள். அரியாங்குப்பம் தாண்டி, ஆறு தாண்டி, நடவு முடிந்த வயல் வழியாக நடந்தோம். வழியில் ஒரு அம்மாள் கூப்பிட்டாள்.

"இன்னா மீனுடி?"

"சங்கரா."

"எறக்கு, பாக்கலாம்."

"எல்லாம் பேசி வித்துப்போச்சி ஆயா" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள். இத்தனை நாளில் அன்றுதான் அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பைப் பார்த்தேன்.

மாதா கோவில் குளத்துப் படியில் கூடையை இறக்கினாள். கால் கழுவினாள். பிறகு, "கத்தி வச்சிக்கிறியாண்ணா?" என்றாள்.

"எதுக்கு?"

"ஒரு சக்கரத்தக் கழட்டு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "குடுக்கறதுன்னா முழுசாக் குடு. இல்லன்னா வேணாம்னு வையி. எதுக்கு நொண்டியாக்கற?"

"இது அச்சாரம். மீதி அவரு வந்தப்புறம்."

"மாதாகிட்டயே பேரமா?"

"கடல்ல போறவன் பொண்டாட்டி நான். மொத்தமும் முன்னாடியே குடுத்தா எவன் வேலய முடிக்கறான்? மரம் செதுக்கறவன் முடிக்கறானா? வலை பின்றவன் முடிக்கறானா? கையில கொஞ்சம் நிக்கணும். அப்பதான் நெனப்பு இருக்கும்."

எங்கள் ஊரில் எல்லாமே அப்படித்தான். அச்சாரம் கொடுத்து ஆள் பிடிப்போம், வேலை முடிந்து மீதி கொடுப்போம். வேண்டுதலுக்கு அந்த முறை கிடையாது. நடந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். நடக்கும் முன்பே யாரும் கொடுத்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். கத்தி முனையால் ஆணியை நெம்பினேன். சக்கரம் சுலபமாக வந்துவிட்டது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. ஆரக்கால்கூடச் செய்திருந்தான் அந்தத் தட்டான்.

அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளை கப்பலைக் கையில் வாங்கி அசந்து நின்றார். இப்படி ஒன்று அங்கே வந்ததில்லை போலிருக்கிறது.

"ஆளு பத்திரமா வந்துட்டாரா?" என்று கேட்டார்.

"வந்துக்கினு கீறாரு" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஒரு சக்கரத்தக் காணமேம்மா."

"எங்கிட்ட கீது."

அவர் பெட்டியை மூடினார்.

மாமியார் சும்மா இருக்கவில்லை. மாசி மகம் வருவதற்குள் காரியம் முடிய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுத் தீட்டோடு சாமிக்கு எப்படிப் போவது என்று நாட்டாரிடம் அழுதார். கரையில் வைக்கோல் உருவம் வைத்தார்கள். அவன் சட்டையைப் போட்டார்கள். கொழுந்தன் கொள்ளி வைத்தான். தாலி வாங்குகிற அன்று, பிறந்த வீட்டு முறையாக நான் தங்கைக்குக் கோடிப் புடவை கொண்டுபோக வேண்டும். நான் வாங்கவில்லை. தங்கை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கோடியும் இல்லை, ஆளும் இல்லை. தாலி கழுத்திலேயே நின்றுவிட்டது. ஊர் என்னைக் கண்டபடி பேசியது. பேசட்டும் என்று விட்டேன்.

அதற்குப் பிறகு அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு மஞ்சள் இடிக்கக் கூப்பிட மாட்டார்கள். தாலி அறுத்தவர்களோடு ஒதுங்கி உட்கார இவளும் மாட்டாள். நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வில்லியனூருக்குப் போவாள். பாகூர் பக்கம்தான் மீன் நன்றாக விற்கும். ஆனால் பாகூரில் ரயில் இல்லை.

மீன் விற்றதும் வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பாள். விழுப்புரத்திலிருந்து வருகிற வண்டி வந்து, ஆட்கள் இறங்கி, வண்டி பட்டணத்துப் பக்கம் போகும் வரை நிற்பாள். பிறகு கூடையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

கூட வருகிற மீன்காரிகளில் வாய் நீண்டவள் ஒருத்தி உண்டு. "இன்னாடி, உன் புருசன் எந்த ரயில்ல வர்றானாம்?" என்பாள்.

"உன் புருசன் தண்டவாளத்துல குடிச்சிட்டுக் கெடக்கறானே, அவன மொதல்ல தூக்கு. அப்பதான் ரயிலு வரும்" என்பாள் இவள். எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டவளும் சிரிப்பாள்.

எனக்குப் பெண் பார்த்தார்கள். இரண்டு இடத்தில் வந்து பார்த்துவிட்டு, தங்கையும் குழந்தையும் கூடவே இருப்பார்களா என்று கேட்டார்கள். இருப்பார்கள் என்றேன். பிறகு யாரும் வரவில்லை.

உலகச் சண்டைக் காலத்தில் எல்லாம் விலை ஏறியது. அரிசி கிடைக்கவில்லை. கொழுந்தன் ஒருநாள் வந்து வாசலில் நின்றான். கூலிக்குப் போய்ப் போய் முதுகு வளைந்திருந்தது. "அண்ணி, அந்தச் சக்கரமாவது குடுங்க. ஒரு படி அரிசியாவது வரும்" என்றான். தங்கை உட்கார்ந்து காலில் இருந்த மெட்டி இரண்டையும் கழற்றி அவன் கையில் வைத்தாள். "இது என்னுது" என்றாள். "அது என்னுது இல்ல."

அவன் மெட்டியைப் பார்த்தான். பிறகு நடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மாமியார் சாகக் கிடந்தபோது தங்கைதான் பக்கத்தில் இருந்து பார்த்தாள். வைக்கோல் உருவத்துக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுத அதே அம்மாள், கடைசி நாளில் கண்ணைத் திறந்து கேட்டார்.

"வந்துட்டானாடி?"

"வந்துக்கினு கீறாரு அத்தை."

"சரி" என்றார் மாமியார்.

தங்கை போனது அதற்கு மறு வருஷம். ஊரில் வாந்திபேதி வந்தது. காலையில் மீன் விற்கப் போனவள் பாதி வழியிலேயே திரும்பி வந்தாள். இரவுக்குள் கண் உள்ளே போய்விட்டது. நானும் அவள் மகளும் இருந்தோம். மகளுக்கு அப்போது கல்யாண வயது.

"ண்ணா. நாளைக்கு நீ போய் வண்டியப் பாரு" என்றாள்.

"பாக்கறேன்மா."

விடிவதற்குள் போய்விட்டாள்.

காலையில் குளிப்பாட்ட வந்த பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டே இருந்தார்கள். மஞ்சள் பூசுவதா வேண்டாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாட்டாரைக் கூட்டி வந்தார்கள். அவர் கிழவராகியிருந்தார்.

"காரியம் முடிஞ்சவன் பொண்டாட்டி. மஞ்சள் எப்படிப் பூசறது?" என்றார்.

"ஊரு முடிச்சிது. அவ முடிக்கல" என்றேன். "பூசுங்க."

நாட்டார் தடியை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்தார். "பூசுங்கடி" என்றார்.

மஞ்சள் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். பூ வைத்தார்கள். புடவையை மாற்றும்போது முந்தானை முடிச்சிலிருந்து சக்கரம் விழுந்தது. மகள் எடுத்து என்னிடம் நீட்டினாள். இத்தனை வருஷம் விரலால் தேய்த்துத் தேய்த்து அது பளபளவென்று இருந்தது.

"மாமா, இத மாதாகிட்ட குடுத்துடலாம்" என்று அழுதாள். "அம்மா தலையில கடன் நிக்க வேணாம்."

"கடன் இல்லமா. அவன் வரலியே."

சக்கரத்தை என் தங்கையின் வலது உள்ளங்கையில் வைத்து விரலை மூடினேன். அப்படியே குழியில் இறக்கினோம்.

அடுத்த நாள் வில்லியனூருக்குப் போனேன். ஸ்டேஷனில் நின்றேன். வண்டி வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். வண்டி போனது.

பிறகு மாதா கோவிலுக்குப் போனேன். அதே கோவில்பிள்ளைதான் இருந்தார். "அந்தம்மா வரலியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அவங்க வூட்டுக்காரரு?"

"இல்ல."

அவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு விலகி நின்றார். தகட்டுக் கப்பல்களுக்கு நடுவில் அது நின்றது. வெள்ளி கறுத்திருந்தது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன்.

சக்கரம் மூன்று.